ஊதாக் கட்டம்

சோரியாங்குப்பத்தில் விஜயராணி அக்காவின் வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோது மணி மூன்று இருக்கும். பந்தக்காலுக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வீடியோக்காரனுக்கு எல்லாக் கல்யாண வீட்டிலும் கிடைக்கிற உபசாரம்தான். நான் குடிக்காமல் சொம்பைத் திண்ணையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அக்காவின் இளைய மகள் சத்யாவுக்கு மதகடிப்பட்டு மண்டபத்தில் கல்யாணம். அதற்கு முன்னால், அன்று புதன்கிழமை, பூவாடைக்காரி படையல். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கன்னியாகச் செத்துப்போன பெண் இருந்தால், அடுத்த கல்யாணத்துக்கு முன் அவளைத் தண்ணீரிலிருந்து குடத்தில் அழைத்துவந்து, புதுப்புடவை வைத்துப் படைத்து, உத்தரவு வாங்கிய பிறகே தாலி கட்டுவார்கள். நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், பெயர் மரியதாஸ். எங்கள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் இருபது முப்பது படையல்களைப் படம் பிடித்திருக்கிறேன். சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்து மனசுக்குள் சிரித்தும் இருக்கிறேன்.

அன்று அழைக்கப்போவது சத்யாவின் அக்கா ரஞ்சனியை. அவள் செத்தது என் கேமராவுக்கு முன்னால்.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே இரண்டு வருடத்தை ஓட்டியவன் நான்.

ரஞ்சனிக்குக் கல்யாணம் நிச்சயமான அந்தச் சமயத்தில்தான் மிரர்லெஸ் கேமரா வாங்கியிருந்தேன். பழைய கேமராவில் வீடியோ என்றால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருகித் திருகி உயிர் போகும். மேடையில் பெண் அரை அடி நகர்ந்தால் காது தெளிவாக இருக்கும், கண் கலங்கிவிடும். புதியது மனிதக் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்து அதன்மேல் ஒரு சின்ன வெள்ளைக் கட்டத்தைப் போடும். ஆள் நடந்தாலும் திரும்பினாலும் விடாது. கல்யாணப் பெண்ணின் முகத்தை முன்கூட்டியே அதில் பதிந்து வைத்துவிட்டால், ஐம்பது பேர் நடுவிலும் அவளைத்தான் பிடிக்கும். அவளுக்கு மட்டும் கட்டம் ஊதா நிறத்தில் வரும். எத்தனை மீட்டர் தூரத்தில் நிற்கிறாள் என்று திரையின் அடியில் ஓர் எண்ணும் ஓடும். இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அதில் நான் பதிந்த முதல் முகம் ரஞ்சனியுடையது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு அவளையும் மாப்பிள்ளை பாக்யராஜையும் தென்பெண்ணை ஆற்றுக்கு அவுட்டோர் ஷூட்டுக்கு அழைத்துப்போனேன். பாக்யராஜ் சட்டை மாற்றக் காருக்குப் போயிருந்தான். ரஞ்சனி முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்ததில் கேமரா தடுமாறியது. கட்டம் அவள் கண்ணுக்கும் பின்னாலிருந்த மினுமினுப்புக்கும் மாறி மாறித் தாவியது. படம் தெளிவதும் கலங்குவதுமாக இருந்ததில் எனக்கு எரிச்சல் மூண்டது. அவளுக்குப் பின்னால் பாலத்தின் நிழல் விழுந்திருந்தது. அதற்குள் போனால் ஃபோகஸ் நின்றுவிடும்.

"ஒரே ஒரு அடி பின்னால போம்மா" என்றேன்.

போனாள். மணல் அள்ளிய பள்ளம்.

எனக்கு நீச்சல் தெரியாது. கரையில் நின்று கத்தத்தான் தெரிந்தது. நிழலுக்குள் போனதும் கேமரா மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அவள் முகம் தண்ணீருக்குள் போகிறவரை அந்த ஊதாக் கட்டம் அவள் கண்ணைவிட்டு இம்மியும் நகரவில்லை. படம் அத்தனை தெளிவு. பாக்யராஜ் ஓடிவந்து குதித்து அவளைத் தூக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

கேட்டவர்களிடம், அவளாகவே பின்னால் போய்விட்டாள் என்று சொன்னேன். போலீஸ் விபத்து என்று எழுதி முடித்தது. ஊர் முடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து பாக்யராஜ் ஏன் காருக்குப் போனான், இருவருக்கும் ஏதோ சண்டை, அவள் மனம் வெறுத்துத்தான் அப்படிப் பண்ணினாள் என்று கதை கட்டினார்கள். விஜயராணி அக்கா அவன் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். பிறகு அவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. வேலையை விட்டான். வெளியே தலைகாட்டுவதை விட்டான். நான் வாயைத் திறந்தால் அவன் பிழைத்துக்கொள்வான். திறந்தால் என்னை எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? அன்று எடுத்த வீடியோவை அழித்தேன். கேமராவில் பதிந்திருந்த அவள் முகத்தையும் நீக்கினேன். இப்படிப்பட்ட ஆள்தான் நான்.

படையலன்று ஆற்றங்கரையில் வானம் மூடியிருந்தது. தண்ணீரில் பொட்டு வெயில் இல்லை. பம்பைக்காரர் செல்லப்பன் பம்பையைத் தட்டி, ரஞ்சனியின் பெயரைச் சொல்லி, தங்கச்சி கல்யாணத்துக்கு வா என்று இழுத்து இழுத்துப் பாடினார். அக்கா பித்தளைக் குடத்தோடு தண்ணீரில் இறங்கி நின்றாள். கேமராவை அவள் முகத்துக்குத் திருப்பினேன். வெள்ளைக் கட்டம் அவள் கண்ணில் உட்கார்ந்தது.

பிறகு எழுந்து போனது.

ஆற்றின் நடுவில், ஒன்றுமில்லாத தண்ணீருக்கு மேல், அரிசி அளவுக்கு ஒரு கட்டம்.

ஊதா.

அடியில் எண் பதினான்கு என்றது.

லென்ஸைத் துடைத்தேன். கேமராவை அணைத்துத் திரும்பப் போட்டேன். பதிந்த முகங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன், காலியாக இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தபோது எண் பதினொன்று. எட்டு. ஐந்து. கட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்ணை நிமிர்த்தினால் வெறும் ஆறு. குனிந்தால் அவள் வந்துகொண்டிருந்தாள்.

"கனக்குது" என்று அக்கா மெல்லச் சொன்னாள்.

பெண்கள் அழுதார்கள். அக்காவின் தோளுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கட்டம் நின்றது. ரஞ்சனி அக்காவைவிட உயரம்.

வீடுவரை அது அப்படியே கூட வந்தது. தெருவில் அத்தனை பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் முகத்தையும் கேமரா தொடவில்லை. எனக்கு மட்டும் ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. கேமராவைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடினாலும் ஏன் என்றுதான் கேட்பார்கள்.

கூடத்தில் குடத்தை வைத்து, பச்சைப் புடவை, கண்ணாடி வளையல், அவளுக்குப் பிடித்த கேசரி எல்லாம் பரப்பினார்கள். குடத்தின் மேல் ஒரு சாமந்திப் பூவை வைத்து உத்தரவு கேட்டார்கள். பூ தானாகக் கீழே விழுந்தால் சம்மதம். விழவில்லை. இரண்டாம் தடவையும் விழவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்யாவின் முகம் வெளுத்துப்போனது.

பெண் மனசில் ஏதோ குறை வைத்திருக்கிறாள், கேட்டுப் பாருங்கள் என்றார் செல்லப்பன்.

அக்கா குடத்தருகே குனிந்தாள். "இன்னாடி கொற உனுக்கு? அந்த பாக்யராஜ் தான உன்ன இப்பிடிப் பண்ணான்?"

கட்டம் அக்காவின் தோளைவிட்டு நகர்ந்தது.

என் பக்கம் வந்தது.

மூன்று மீட்டர்.

இரண்டு.

ஒன்று.

என் லென்ஸுக்கு நாற்பது சென்டிமீட்டருக்குக் கிட்டே எதையும் பார்க்க வராது. எண் அங்கே வந்து நின்றது. கட்டம் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டது. அதற்குள் அக்கா, குடம், விளக்கு எல்லாம் கரைந்து வெறும் நிறங்களாகிவிட்டன. கேமரா எதையோ மிகத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கண்ணுக்குத்தான் அது படவில்லை. என் நெற்றியில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

"நான்தாங்க்கா" என்றேன்.

பம்பை நின்றது.

"ஃபோகஸ் நிக்கலன்னு நான்தான் பின்னால போவச் சொன்னேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

பூ விழுந்தது.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அக்கா ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தினி அடி?"

"ஒரே ஒரு அடிதாங்க்கா."

அவள் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். நான் கேமராவை ஸ்டாண்டோடு அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலையில் அக்கா பாக்யராஜின் வீட்டுக்குப் போய் அவன் காலில் விழுந்தாளாம். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டானாம். சத்யாவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என்னை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. வில்லியனூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கேமராவை வாங்கிவர நான் போகவில்லை. அக்காவும் கொடுத்தனுப்பவில்லை. ஒரு நாள் போன் செய்து, பேட்டரிக்கு எப்படி சார்ஜ் போடுவது என்று கேட்டாள். சொன்னேன். விடிந்ததிலிருந்து அதைப் போட்டு வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம்.

"அடுப்பாண்ட நிக்கறா தம்பி. ரெண்டரை காட்டுது" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு மூன்று தடவை கூப்பிடுவாள். மின்விசிறிக்குக் கீழே இருக்கிறாள், சத்யா வந்திருந்தபோது அவள் பக்கத்திலேயே இருந்தாள் என்று சொல்வாள். போனில் அவள் பெயரைப் பார்த்தாலே அணைத்துவிடத் தோன்றும். ஆனாலும் எடுக்காமல் இருந்ததில்லை. பெற்ற மகளை அவளிடமிருந்து பறித்தவன் நான், திருப்பிக் கொடுக்க முடிந்தது அந்தக் கட்டம் ஒன்றுதான்.

நேற்று மத்தியானம் கடைக் கிடங்கில் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். போன் அடித்தது. அக்காவின் குரல் உடைந்திருந்தது.

"காலைலேர்ந்து கட்டத்த காணல தம்பி. வூடு பூரா திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். அங்க எதுனா வந்தாளா?"

இல்லை என்றேன். நம்பாமல் வீடியோ காலில் வரச் சொன்னாள். டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு வந்தேன். திரையில் அவள் முகம் வந்தது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஓரத்தில் சிறிதாகத் தெரிந்த என் முகம் கலங்கலாக இருந்தது. கிடங்கில் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் மெல்ல இளகிச் சிரிப்பானது.

"சாப்ட்டியாடி?" என்று கேட்டாள்.