பதினாறாவது போன்

1994 ஐப்பசியில், தச்சநல்லூர் தாண்டி ஒரு பழைய நெல் கிடங்கை வெள்ளையடித்து, ஏசி பொருத்தி, டெலிபோன் பயிற்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை லில்லி பாளையங்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நல்ல வெயில். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை, கண்ணுகளா. அதுதான் இந்தக் கதையில் எனக்கே பயமாக இருப்பது.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுக்குத் தூசி ஆகாது.

“பள்ளிவாசலுக்கு அடுத்தபடியா நான் செருப்பைக் கழத்துதது இங்கனதான்,” என்றார் காஜா முகைதீன். பயிற்சிக்கு வந்த பதினோரு பேரில் மூத்தவர். “உள்ள குளிரைப் பாத்தியாம்மா? ஐஸ் பெட்டியில மீனை அடுக்குன மாதிரில்லா நம்மள அடுக்கியிருக்கான்.”

லில்லிக்குச் சிரிப்பு வரவில்லை. பாடம் நடத்த வந்து நின்றவர் பஞ்சு. லில்லி வேலை பார்த்த பழைய எக்ஸ்சேஞ்சில் அவளுடைய மேற்பார்வையாளர். பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் புது எக்ஸ்சேஞ்சில் இடம். அந்தப் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தவரும் அவரே. ஏன் சேர்த்தார் என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்றாவதாக ஒருவனுக்கும் தெரியும். அவன் ஆடி மாதம் செத்துப்போனான்.

அவன் பெயர் சொரிமுத்து, லைன்மேன். பாபநாசம் சாலையில் போன் கம்பி ஒன்று அறுந்து மின்கம்பியில் சிக்கிக் கிடந்தது. அதை எடுக்க ஏறினான். இந்த மாதிரி இடங்களில், ஏறுகிறவன் கம்பத்தின் மேலிருந்தே, இடுப்பில் தொங்கும் சோதனைப் போனைப் பக்கத்து நல்ல கம்பியில் மாட்டி, எக்ஸ்சேஞ்சின் டெஸ்ட் மேசையைக் கூப்பிட்டு “தொடலாமா?” என்று கேட்பான். மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று உறுதி செய்துகொண்டு மேசையில் இருப்பவர் “தொடலாம்” என்பார். அந்த ஒரு சொல் வராமல் எவனும் கையை நீட்ட மாட்டான்.

அன்று மேசையில் லில்லி.

“கரண்டை நிறுத்தியாச்சா சார்?” என்று பஞ்சுவைக் கேட்டாள்.

“ஆச்சு ஆச்சு. தொடச் சொல்லு,” என்றார் அவர், பத்திரிகையை மடிக்காமலே. மின்சார அலுவலகத்துக்கு அவர் பேசியிருக்கவே இல்லை.

“தொடலாம் அண்ணாச்சி,” என்றாள் லில்லி. அப்போது மணி பதினொன்று நாற்பது.

‘அனுமதி கேட்காமல் தொட்டான்’ என்று அறிக்கை எழுதினார் பஞ்சு. லில்லி அதில் கையெழுத்துப் போட்டாள். கேட்காமல் தொட்டவனின் மனைவிக்கு இலாகாவில் வேலை கிடையாது. அவன் மனைவி பார்வதியம்மாள் மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸ் படியாக ஏறி இறங்கியதில், வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை என்று தேதி குறித்தார்கள். லில்லி அங்கே போய் அதே பொய்யை வாயால் சொல்ல வேண்டும். அதற்குக் கூலிதான் இந்தக் குளிர் அறை. செத்தவனையே குற்றவாளியாக்கிவிட்டுப் பாடம் நடத்த ஒரு மனிதனால் எப்படி முடிகிறது? நினைத்தாலே எனக்கு நெஞ்சு காந்துகிறது.

மேசையில் பதினாறு போன்களை வரிசையாக வைத்திருந்தார்கள்.

“இது பாடத்துக்கு வச்ச எக்ஸ்சேஞ்சு. பதினாறும் தங்களுக்குள்ள மட்டும்தான் பேசும். வெளிய ஒரு லைனும் கிடையாது,” என்ற பஞ்சு, பெட்டியிலிருந்து ஒரு கார்டை உருவிக் காட்டினார். “இது பதினாறாம் நம்பரோட கார்டு. இதை எடுத்துட்டா அந்தப் போன் பொணம்.”

உருவிய கார்டு மேசைமேல் கிடக்கும்போதே, பதினொன்று நாற்பதுக்கு அந்தப் போன் அடித்தது.

பக்கத்தில் இருந்த லில்லி எடுத்தாள். முதலில் காற்று. ஆடிக் காற்று கம்பியில் உரசுகிற அந்த முனகல். பிறகு ரப்பர் கருகும் வாடை, ரிசீவரின் ஓட்டைகள் வழியாக.

“தங்கச்சி, தொடலாமா?”

அவள் வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் அதே நேரம். “கேக்கேம்லா. தொடலாமா?”

புதன்கிழமை அந்தக் குரலில் மரியாதை இல்லை.

“எத்தனை தடவை கேக்கது? ஆடியிலேருந்து கம்பத்து மேலயே நிக்கேன். ஒரு வார்த்தை சொல்லுததுக்கு உனக்கு இம்புட்டு நாளா? வாயில என்னத்தப் போட்டு அடைச்சிருக்கான் அவன்?”

அவள் முகத்தைப் பார்த்துக் காஜா முகைதீன் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். அவருக்குக் காற்று மட்டும் கேட்டது. ஆனாலும் வேர்த்துவிட்டது.

வியாழக்கிழமை அது அடித்தபோது பஞ்சு வேகமாக வந்தார்.

“எவன்லே விளையாடுதது?” ரிசீவரைப் பிடுங்கினார். கேட்டார். முகம் வெளிறியது. எல்லாரும் பார்க்கிறார்களே என்று ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். “தொடலாம்லே. தொடு.”

கை மூடிக்கொண்டது.

ரிசீவரைச் சுற்றி விரல்கள் இறுகின. நகங்கள் வெளுத்தன. பல் கிட்டிப்போய்த் தலைமயிர் நட்டமாக நின்றது. கால்கள் தரையில் அடித்துக்கொண்டன. கருகிய சதையின் வாடை அறை முழுக்கப் பரவியது.

மற்ற பதினைந்து போன்களும் ஒன்றாக அடித்தன.

காஜா முகைதீன் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கினார். விளக்கு அணைந்தது. ஏசி நின்றது.

போன்கள் நிற்கவில்லை.

சாகட்டும் என்று நின்றாள் லில்லி. ஆமாம், கண்ணுகளா, அப்படித்தான் நினைத்தாள், அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. அப்புறம்தான் உறைத்தது. இவரும் செத்துவிட்டால் அந்தக் காகிதத்தில் இருப்பதுதான் உண்மையாகிவிடும்.

அவருடைய முகத்தோடு முகம் வைத்து, ரிசீவரில் வாயைப் பொருத்தினாள். உதடு சுட்டது.

“தொடாதீங்க அண்ணாச்சி. கரண்டு நிக்கலை. பஞ்சு சார் மின்சார ஆபீஸுக்குப் பேசவே இல்லை. அவரு சொன்னதை வச்சு நானும் சொல்லிட்டேன். நீங்க கேட்டீங்க. கேட்டுட்டுத்தான் தொட்டீங்க. இப்பத் தொடாதீங்க.”

விரல்கள் விரிந்தன. பதினாறு போன்களும் அடங்கின.

பஞ்சு தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கை தீய்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அவர் பேசிய முதல் பேச்சு இது: “இங்க உளறுனதை அங்கன போய் உளறுனே, நாளையோட உன் பயிற்சி முடிஞ்சுது.”

“நாளை வரைக்கும் எதுக்கு சார்?” என்றாள் லில்லி. “இன்னைக்கே முடிச்சிக்கிடுங்க.”

வெள்ளிக்கிழமை விசாரணையில் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் போனில் சொன்னதைக் கேட்டதாகக் காஜா முகைதீனும் எழுந்து நின்று சொன்னார். பார்வதியம்மாளுக்கு வேலை கொடுக்கச் சொல்லி அதிகாரி அங்கேயே எழுதினார்.

லில்லி கைகூப்பினாள். பார்வதியம்மாள் கூப்பவில்லை.

“அவரு கரண்டை நம்பலை,” என்றாள் பைய. “அந்தாளையும் நம்பலை. உன் குரலை நம்புனாரு.”

பழைய அறிக்கையை ரத்து செய்ய அதிகாரி ஃபைலைப் புரட்டினார். மேல்தாளில் கறை இல்லை. அடித்தாளிலும் இல்லை. நடுவில் அந்த அறிக்கையில் மட்டும், இரண்டு கையெழுத்துக்கும் கீழே, இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு எடுத்தது போலக் கருகிய இரண்டு பெருவிரல் தடங்கள். தடவிப் பார்த்தவர் கையை உதறிக்கொண்டார்.

ஃபைலைக் கட்டிப் பதிவறையில் போட்டார்கள். மார்கழியில்கூட அந்தத் தாள் ஆறுவதில்லை என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். பஞ்சுவின் பெயருக்குக் கீழே கை வைத்தால் சுடுமாம்.

லில்லியின் பெயருக்குக் கீழே கை வைக்கவே முடியாதாம்.