குதிரைக்குப் பிடிக்காத திரை

காஞ்சனாவின் வீட்டில் அன்று காலையிலிருந்து இரண்டு பெரியவர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். இந்த மாதிரி புகழ்ச்சி நடந்தால் காரியம் எதுவும் நடக்காது என்பது காஞ்சனாவுக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிட்டது.

ஒருவர் அவளுடைய அப்பா துளசிங்கம். திருத்தணியில் தறி நெய்கிறவர். அவரை நைனா என்றுதான் அவள் கூப்பிடுவாள். இன்னொருவர் அவளுடைய அக்கா ரஞ்சிதத்தின் கணவர் தணிகாசலம். அவர் அவளுக்குப் பாவா. பழவேற்காட்டு ஏரியில் மோட்டார் படகு ஓட்டுகிறார்.

பிரசவத்துக்கு வந்த அக்கா, பாப்பா பிறந்தும் இன்னும் இங்கேயேதான் இருந்தாள். பாவாவின் வீடு ஏரிக்கு நடுவே ஒரு தீவில். அங்கே போக அவருடைய படகில்தான் ஏற வேண்டும். படகுக்குக் கூரை உண்டு. இரண்டு பக்கமும் ஜன்னல்களும் உண்டு. ஜன்னல்களுக்கு மறைப்புதான் இல்லை. சித்திரை வெயில் நேராக ஒரு பக்கம் அடிக்கும், தண்ணீரில் பட்டு இன்னொரு பக்கம் அடிக்கும்.

"வெயிலுக்கு ஒரு வழி பண்ணாம என் பேத்திய அனுப்ப மாட்டேன். ஐப்பசி பொறக்கட்டும், பாக்கலாம்" என்று நைனா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஐப்பசி வர இன்னும் அரை வருஷம் இருக்கிறது! பாவம் பாவா. எப்போதாவது லீவு கிடைத்து ஓடி வந்து பாப்பாவைத் தூக்குவார். அவள் யாரோ திருடனைப் பார்த்ததுபோல வீறிட்டு அழுவாள்.

"இப்படியே போனா அப்பா யாருன்னே தெரியாம வளந்துடுவா" என்று பாவா சொன்னபோது அவர் குரல் கம்மிவிட்டது.

அதனால்தான் இந்தத் தடவை அவர் மெட்ராஸில் இறங்கி, ஒரு சுருள் கறுப்பு ரெக்சின் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நைனாவும் சும்மா இருக்கவில்லை. மருமகனுடைய படகுக்கென்றே கருநீலத்தில் அழுத்தமான துணி ஒன்று நெய்து, கஞ்சி போட்டு, பலகை மாதிரி மடித்து வைத்திருந்தார்.

"ஆகா! ரெக்சின் எவ்ளோ பளபளப்பு! இதையே மாட்டிடுங்க மாப்பிள்ளை" என்றார் நைனா.

"அய்யோ, உங்க துணி முன்னால இது எம்மாத்திரம் மாமா? அதையே கட்டிடலாம்" என்றார் பாவா.

"சேச்சே, உங்க இஷ்டம்தான்."

"இல்ல மாமா, உங்க இஷ்டம்தான்."

மாமனாரும் மருமகனும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்துப் பேசக்கூடாதாம். அப்படியே பொழுது போனது.

காஞ்சனா தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். நைனா பின்னாலேயே வந்தார். "இன்னாடி அது, எருமைத் தோலாட்டம்? அத மாட்டினா பாப்பா வெந்துபூடும். பாவா மனசு நோவாம நீ பக்குவமா சொல்லு" என்று கிசுகிசுத்தார்.

கிணற்றடிக்குப் போனாள். அங்கே பாவா நின்றுகொண்டிருந்தார். "துணி நல்லாத்தான் கீது காஞ்சனா. ஏரிக் காத்துக்கு நிக்குமா? மாமா மனசு நோவாம நீ சொல்லேன்" என்றார்.

"நல்லா இருக்குதே நியாயம்! பேச வேண்டியவங்க நீங்க ரெண்டு பேரு, திட்டு வாங்க நானா?" என்றாள் காஞ்சனா. "எது நல்லா கீதுன்னு மாட்டிப் பாத்துட்டா தெரிஞ்சுடும்."

"மாட்டிப் பாக்க இங்க மோட்டார் போட்டு ஏது?"

"முனியண்ணன் ஜட்கா கீதே!"

பகல் ரயில் போய்விட்டால் குதிரைவண்டிக்கார முனியனுக்கு அடுத்த ரயில் வரும்வரை வேலையில்லை. அவனுடைய குதிரை செவலையும் அவனும் ஸ்டேஷன் புளியமரத்தடியில் ஒன்றாகத் தூங்குவார்கள். ஜட்காவுக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் இருந்தது.

"ஜன்னலுக்குத் திரையா? எதுக்கும்மா, என் செவலைக்குக் கல்யாணமா?" என்று முனியன் சிரித்தான். ஆனாலும் வண்டியைப் பூட்டினான்.

ஒரு ஜன்னலில் ரெக்சின், மறு ஜன்னலில் நைனாவின் துணி. பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஏறினாள். காஞ்சனாவும் ஏறினாள். நைனாவும் பாவாவும் பின்னாலேயே நடந்து வந்தார்கள்.

கொஞ்ச தூரம்தான் போனது வண்டி. வெயில் பட்டதும் ரெக்சின் தோசைக்கல்லாகக் காய்ந்தது. துளிக் காற்றுகூட உள்ளே வரவில்லை. அதன் நாற்றம் வேறு. பாப்பா மலைக்கோயில் வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்.

பாவா அவசரமாக ரெக்சினைத் தொட்டுப் பார்த்து, "யப்பா!" என்று கையை உதறினார். நைனாவின் மீசை சிரித்தது.

"வண்டியத் திருப்புங்க முனியண்ணே" என்றாள் காஞ்சனா. இப்போது துணிப் பக்கம் வெயில் அடித்தது. உள்ளே நல்ல நிழல். பாப்பாவின் அழுகை சிணுங்கலாகக் குறைந்தது. நைனா இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

மலையடிவாரத்தில் முனியன் குதிரையை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினான். காஞ்சனாவுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது.

"பாவா, போட்டு போறப்போ தண்ணி தெறிக்குமா?"

"ஆங், தெறிக்காம? அலை அடிச்சா ஆளே நனைஞ்சுடுவான்."

காஞ்சனா வாளியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரை மொண்டு துணிமேல் வீசினாள். அவ்வளவுதான்! பலகை மாதிரி நின்ற துணி தொளதொளவென்று தொங்கியது. வெள்ளையாகக் கஞ்சி வழிந்து, அக்காவின் தோளில் விழுந்து, பாப்பாவின் மொட்டைத் தலையிலும் சொட்டியது.

"பாப்பாவுக்குக் கஞ்சி அபிஷேகம்!" என்றான் முனியன்.

செவலை மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. அதற்குக் கஞ்சி என்றால் உயிர். மெல்ல வந்து துணியின் ஓரத்தைக் கவ்வி, சவக் சவக் என்று சப்ப ஆரம்பித்தது.

"அய்யோ, விடுடா, விடுடா!" என்று நைனா ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். குதிரை மறுமுனையை விடவில்லை. தெருவே கூடிச் சிரித்தது. ஒருவழியாகத் துணி கைக்கு வந்தபோது நைனாவின் முகம் செத்துப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாவா பையைக் கட்டி வைத்தார். "நாளைக்குக் காலையில மொத ரயிலுக்கு நான் மட்டும் கெளம்பறேன் மாமா. ஐப்பசியில வரேன்" என்றார். தூளியில் கிடந்த பாப்பாவைத் தொட்டால் அழுவாளோ என்று தூரத்தில் நின்றே பார்த்தார்.

'நான் ஏன்தான் தண்ணியை ஊத்தினேனோ' என்று காஞ்சனாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. எச்சில் பட்ட துணியையாவது அலசிப் போடலாம் என்று கிணற்றடிக்கு எடுத்துப் போனாள். கஞ்சி முழுக்கப் போகும்வரை கும்மிக் கும்மி அலசினாள். கொடியில் காயப்போட்டாள்.

வெயில் சாய்வதற்குள் துணி காய்ந்துவிட்டது. எடுக்கப் போனவள் அதன் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் வெயில் படவில்லை. ஆனால் காற்று மட்டும் துணிக்குள் புகுந்து மெல்ல வந்தது.

ஓடிப்போய்ப் பாப்பாவைத் தூக்கிவந்தாள். பாப்பா துணியைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் தேய்த்து, பொக்கை வாயால் சிரித்தாள்.

"நைனா! பாவா! வாங்க, வந்து இங்க நில்லுங்க!"

இருவரும் வந்து நின்றார்கள். நைனாவுக்குப் புரிந்தது. ஆனால் அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "கஞ்சியில்லாத துணி என் வீட்டு வாசலத் தாண்டினதே இல்ல. அதப் போய் மாப்பிள்ளைக்குக் குடுத்தா ஊரு இன்னா சொல்லும்?"

"பாப்பாவுக்குத் தூளி கட்டினது யாரு நைனா?"

"நான்தான்."

"கஞ்சி போட்ட புடவையிலயா கட்டின?"

"அதெப்படி? கொழந்தை ஒடம்பு நோவாதா? தொவைச்சுத் தொவைச்சு மெத்துனு ஆன புடவையிலதான்..." நைனா பாதியில் நிறுத்தினார்.

"இதுவும் பாப்பாவுக்குத்தானே?" என்றாள் காஞ்சனா.

நைனா துணியைத் தடவிப் பார்த்தார். பேத்தியைப் பார்த்தார். "ஆங், பாப்பாவுக்குத்தான்" என்றார் மெதுவாக.

அப்போது பாவா வாயைத் திறந்தார். "ஆனா மாமா, காத்துக்கு இது கொடியாட்டம் பறக்கும். நிக்காது."

காஞ்சனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மாமனாரை மறுத்து மருமகன் பேசிவிட்டாரே!

"எப்படிப் பறக்கும்?" என்றார் நைனா. "அடியில மூங்கில் கோத்துத் தெச்சுட்டா?"

"மூங்கில் மட்டும் போதாது மாமா, ரெண்டு பக்கமும் கயிறு வேணும்."

"கயிறு கட்டினா வெயில் இல்லாதப்போ எப்படிச் சுருட்டுவீங்க?"

"சுருட்டறதுக்கு நான் வழி சொல்றேன்."

விளக்கு வைக்கிறவரை இருவரும் சண்டை போட்டார்கள். நல்ல சண்டை. அது முடிந்தபோது மூங்கில், கயிறு எல்லாம் வைத்துத் திரை தயாராகிவிட்டது.

மறுநாள் முதல் ரயிலில் பாவா போகவில்லை. மறுபடியும் ஜட்காவில் திரை கட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் வழியவில்லை. பாப்பா அக்கா மடியிலேயே தூங்கிவிட்டாள். செவலை ஆசையாக வந்து துணியை மோந்து பார்த்து, சீ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தீங்களா, குதிரைக்கே புடிக்கல!" என்றார் நைனா பெருமையாக.

பள்ளி விடுமுறை என்பதால் காஞ்சனாவும் அவர்களோடு தீவுக்குப் புறப்பட்டாள். ஏரியில் வெயிலுக்குக் கண் கூசியது. படகுக்குள்ளே கருநீல நிழல். அலை தெறித்துத் திரை நனைந்தது, காற்றில் உடனே காய்ந்தது. மூங்கில் டக்டக்கென்று தாளம் போட்டது.

கரை சேர்ந்ததும் பாவா கையைத் துடைத்துக்கொண்டு பயந்து பயந்து பாப்பாவைத் தூக்கினார். பாப்பா அவரை உற்றுப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அழவே இல்லை.

பாவாவின் கண்கள் கலங்கிவிட்டன. "காஞ்சனா, ஊருக்குப் போனா மாமாகிட்ட சொல்லு. இந்த ஏரியில ஓடற எந்தப் போட்டுலயும் இப்படி ஒரு திரை இல்லன்னு நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

காஞ்சனா பாவாவைக் கூர்ந்து பார்த்தாள். இது சும்மா புகழ்ச்சி இல்லை. நைனாவிடம் அப்படியே சொல்லிவிடலாம்.