முப்பத்தாறு புள்ளி ஐந்து

ஏசியிலிருந்து வந்த காற்று குளிராகத்தான் இருந்தது, அறைதான் குளிரவில்லை. நாற்காலியில் ஏறி நின்று கையை நீட்டினால் விரல்கள் விறைத்தன. கீழே இறங்கியதும், சோறு வடித்து முடித்த அடுப்படியில் நிற்பதுபோல ஈரமான வெம்மை செரீனாவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அந்தக் குளிர் மேலிருந்து கீழே வருவதற்குள் எங்கேயோ செலவழிந்துபோனது.

மலேசியாவின் கிள்ளானில் காட்டுத்தீப் புகைமூட்டம் தொடங்கி ஒன்பது நாள். பகல் இரண்டு மணிக்கே வெளிச்சம் தேயிலைச் சாயம்போல் பழுப்பேறிக் கிடந்தது. எதிர் அடுக்குமாடி புளோக் தெரியவில்லை. ஹாலின் கண்ணாடிப் பட்டை ஜன்னல்கள் சரியாக மூடாததால், கருகிய வாசனை அங்கே குடியேறிவிட்டது. புகை வராமல் மூடிவைக்க முடிந்தது இந்தப் படுக்கையறை ஒன்றைத்தான். பதினோரு மாத மகள் இவாவுக்குப் போன மாதம் காய்ச்சலில் வலிப்பு வந்தது. கண்கள் மேலே செருக, குழந்தை விறைத்துப்போய் மடியில் கிடந்த அந்த மூன்று நிமிடங்கள் செரீனாவுக்குள் இன்னும் முடியவில்லை. உடம்பைச் சூடேற விடாதீர்கள் என்றார் டாக்டர். அதனால் மணிக்கு ஒருமுறை, நெற்றியைத் தொடாமலே எண் காட்டும் வெப்பமானியை அவள் இவாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். கணவன் கால்வினுக்கு ஜொகூரில் வேலை; சனிக்கிழமைதான் வருவான். இன்று செவ்வாய்.

ஏசி பழுதுபார்க்க வந்த விமலன் ஏணியிலிருந்தே பேசினான்.

"ஃபில்டர் என் வீட்டுத் தட்டைவிட சுத்தமா இருக்குக்கா. கேஸும் ஃபுல்."

"அப்புறம் ஏன்ப்பா குளிரல?"

"பன்னண்டு வருஷ மெஷின். கிழவன்தான், ஆனா சாகல லா. காத்து வர்ற வாய்ல பன்னண்டு டிகிரி வருது பாருங்க." இறங்கி வந்து அறையின் நடுவில் நின்றான். சட்டைக் காலரை இழுத்துவிட்டான். "இங்க முப்பது. கல்யாண மண்டபத்துல பந்தி நடக்குற மாதிரி இருக்கே. எத்தன பேரு படுக்கிறீங்க?"

"நானும் பாப்பாவும்தான்."

விமலன் சிரித்தான். பிறகு பின்பக்கம் போய், ஏசியின் தண்ணீர்க் குழாய் வடியும் வாளியைப் பார்த்தான். காலையில் அவள் கொட்டிய வாளி விளிம்புவரை நிறைந்திருந்தது. அவன் சிரிப்பு நின்றது.

"மனுஷன் மூச்சுல ஈரம் இருக்குல்லக்கா, அதத்தான் இது தண்ணியா புடிக்கும். ரெண்டு பேருக்கு இவ்வளவு வராது." தலையைச் சொறிந்தான். "வெளிக்காத்து உள்ள வருதுபோல. கதவு, ஜன்னல், இடுக்கு எல்லாத்துக்கும் டேப் போட்டு அடைச்சிருங்க. ரூம்ல இருக்கறது ரூம்லயே இருக்கணும். ஒரு மணி நேரம் பாத்துட்டு கால் பண்ணுங்க."

அவன் போனதும் அடைத்தாள். பழுப்பு நிறப் பெட்டி டேப்பை ஜன்னல் விளிம்பிலும், கதவின் நான்கு பக்கமும், உள்ளிருந்தபடியே நீளமாக ஒட்டினாள். புகையின் நாற்றம் மெல்ல அடங்கியது. நிம்மதியாக மூச்சை இழுத்தாள்.

அப்போதுதான் இன்னொரு வாசனை தெரிந்தது. இரவு முழுக்க ஓடிய பஸ்ஸில் விடியற்காலையில் இருக்கும் வாசனை: தலை எண்ணெய், காய்ந்த வியர்வை, தூங்கி எழுந்த வாய்கள். முன்பும் இருந்திருக்கும். புகை அதை மறைத்திருக்கும்.

தொட்டிலில் இவா சிணுங்கினாள். வெப்பமானி முப்பத்தேழு புள்ளி எட்டு என்றது.

கருவி கெட்டுவிட்டதா? சோதிக்கத் தொட்டிலுக்குப் பின்னாலிருந்த சுவரில் காட்டினாள். இருபத்து நான்கு. அலமாரியில் காட்டினாள். இருபத்து நான்கு. சுவர்கள் குளிர்ந்துதான் இருந்தன. அப்படியென்றால் கழுத்தில் ஒட்டும் இந்த வெம்மை எதனுடையது?

கட்டிலில், யாரும் படுக்காத பக்கத்தில் காட்டினாள்.

முப்பத்தாறு புள்ளி ஐந்து.

தலையணையில் காட்டினாள். முப்பத்தாறு புள்ளி ஐந்து. காலியான நாற்காலியிலும் அதே எண். மறுபடியும் அதே சுவருக்குத் திருப்பினாள், சற்றுமுன் இருபத்து நான்கு காட்டிய அதே இடத்துக்கு.

முப்பத்தாறு புள்ளி ஐந்து.

சுவர் சூடாகவில்லை. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் ஏதோ வந்து நின்றிருந்தது. தொட்டிலை ஒட்டி.

கருவியை மெல்ல நகர்த்தினாள். முப்பத்தாறு புள்ளி நான்கு. புள்ளி ஐந்து. புள்ளி ஆறு. தொட்டிலைச் சுற்றிலும், இடைவெளியே இல்லாமல். சில இடங்களில் அவள் உயரத்துக்கு. சில இடங்களில் தாழ்ந்து, குனிந்து பார்ப்பதுபோல. எல்லாம் இவாவின் மேல்.

செரீனா கைகளை நீட்டினாள். முழங்கை வரை ஈரச் சூடு. கண்ணை மூடிக்கொண்டு இவாவை வாரி எடுத்தாள்.

"ஒண்ணுமில்லடி. அம்மா இருக்கேன். வெளிய போயிரலாம்."

கருவியை இவாவின் நெற்றிக்கு நேரே பிடித்தாள். முப்பத்தெட்டு புள்ளி ஆறு.

கதவு நான்கே எட்டுத் தூரம். ஒவ்வோர் எட்டிலும் சூடு விலகி வழிவிட்டது. பிறகு பின்னால் கூடியது. அவள் பிடரியில் மூச்சு. ஒன்றல்ல.

நகத்தால் மேல் டேப்பைக் கீறினாள். ஒரு முனை வந்தது. இழுத்தாள். பாதி உரிந்து தொங்கியது. பக்கவாட்டு டேப். அதுவும் உரிந்தது. இவாவின் உடல் தணலாக இருந்தது. கீழ் டேப்புக்காகக் குனிந்தாள்.

மேலே மெல்லிய சரசரப்பு.

நிமிர்ந்தாள்.

தொங்கிய டேப் எழுந்து கதவோடு சேர்ந்துகொண்டிருந்தது. அவசரமில்லாமல். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் அதன்மேல் ஊர்ந்து, ஒவ்வொரு காற்றுக்குமிழையும் நீவி வெளியேற்றியபடி போனது. பக்கவாட்டிலும் அப்படியே. கீழேயும்.

அவள் தோளில் கிடந்த சின்னக் கை விறைத்தது. இவாவின் கண்கள் மேலே செருகின.

கதவைச் சுற்றிலும், எத்தனையோ கட்டைவிரல்கள், டேப்பை அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தன.