இந்தக் குழந்தை உங்களுடையதா?

கண்ணாடியில் அபிக்கு முடி இல்லை.

சரவணப் பொய்கைக்கு எதிரே, பூக்கடைகளுக்கு நடுவில், புதிதாக ஒரு தகவல் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். ஆளுயரக் கண்ணாடி. தொட்டால் பேசும். நடை சாத்தும் நேரம் சொல்லும், திருப்பதி பஸ் எப்போது என்று சொல்லும், எதிரில் நிற்பவர்களைப் படம் பிடித்து 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று காட்டும். சுஜாதாவின் முகத்தை அது சரியாகத்தான் காட்டியது. அவள் கையைப் பிடித்திருந்த ஐந்து வயது மகன் அபியைத்தான் மழமழவென்ற மொட்டையோடு, தலை நிறையச் சந்தனத்தோடு காட்டியது. அவள் சட்டென்று குனிந்து பார்த்தாள். சுருட்டை முடி அப்படியே இருந்தது. கட்டிலிலிருந்து விழுந்து மோவாயில் வாங்கிய தழும்பும் இருந்தது.

"இன்னாப்பா இது, எம் புள்ளைய மொட்டையா காட்டுது?"

மெஷினைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி அனுப்பியிருந்த ஸ்ரீதர் நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தான். "காலைலேர்ந்து மொட்டைங்களையே பாத்துகினு கீதுக்கா. கொழம்பிப் போயிருக்கும். ட்ரையல் மெஷின்தானே? ஊர்ல வெக்கலாமா வேணாமான்னே இன்னும் முடிவாவல. இதோ, சாயந்தரம் லாரி வந்தா தூக்கினு போயிடுவோம்."

அவளும் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள். ஆனால் அபியின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். தடவாமல் என்ன செய்வாள்? போன மாசியில் பிள்ளை காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, "முருகா, இவனைப் பொழைக்க வை, முழு முடியும் உனக்குத்தான்" என்று அழுதவள் இவள்தான். பிள்ளை பிழைத்தான். அப்புறம் தம்பியின் கல்யாணம் வந்துவிட்டது, அடுத்த வாரம். கல்யாண போட்டோவில் மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை நின்றால் நன்றாகவா இருக்கும்? இன்று காலை முடி எடுக்கிறவரிடம் பூமுடி போதும் என்றாள். அவர் காதோரம் கத்திரியால் கொஞ்சம் நறுக்கி, ஒரு பூவளவு முடியை வாங்கிக்கொண்டார். வேண்டுதல் தீர்ந்தது!

"முழு முடின்னுதானே வேண்டிகினே?" என்று கணவன் முருகவேல் கேட்காமல் இல்லை.

"எல்லாம் ஒண்ணுதான் பாவா. சாமி இன்னா அளந்தா பாக்கும்?" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். பெரிய சாமர்த்தியம்!

முருகவேல் செருப்பு எடுக்கப் போயிருந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலைக்குப் பின்னாலிருந்து கருத்து வந்த மேகம் தூறலாக இறங்கியது. குளத்துப் பாசியும், மிதிபட்ட சாமந்தியும், அணைந்த கற்பூரமும், முடி எடுக்கும் மண்டபத்திலிருந்து வந்த ஈர மயிர் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. பம்பை அடித்துக்கொண்டு ஒரு காவடிக் கூட்டம் ஆடியபடி அவர்கள் மேல் வந்து விழுந்தது. தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொள்ள அபியின் கையை விட்டாள். அவ்வளவுதான். திரும்பப் பிடிக்கப் போனபோது அங்கே கை இல்லை.

"அபி! டேய் அபி!"

பம்பைச் சத்தம் அவள் குரலைத் தின்றது. எங்கே பார்த்தாலும் மொட்டைகள். சந்தனம் பூசிய மொட்டைகள், ரத்தப் பொட்டு வைத்த மொட்டைகள், மழையில் வழிகிற மொட்டைகள். ஒரு சுருட்டை முடி இல்லை. குளம் ஞாபகத்துக்கு வந்தது. படியில் ஓடினாள். பச்சைத் தண்ணீரில் தூறல் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. மெஷினுக்கே திரும்பி ஓடி வந்தாள். ஸ்ரீதரின் நாற்காலி காலி.

"காணாமல் போனவரைத் தேடுகிறீர்களா?"

அவள் தொடவே இல்லை. மெஷின் தானாகப் பேசியது. வங்கியில் டோக்கன் கூப்பிடுகிற மாதிரி, பதமான பெண் குரல்.

"ஆங்! எம் புள்ள! முடி வெச்ச புள்ள, சுருட்டை முடி!"

கண்ணாடியில் முகங்கள் ஓடின. நின்றன. தூரத்தில் ஒரு மொட்டைப் பையன் அழுதுகொண்டு நின்றான்.

"இந்தக் குழந்தை உங்களுடையதா?"

கீழே 'ஆம்'. பக்கத்தில் 'இல்லை'. மொட்டையைப் பார்த்ததுமே எரிச்சலோடு 'இல்லை'யை அமுக்கினாள்.

அதே பையன். கொஞ்சம் கிட்டே. நீலச் சட்டை. அபிக்கும் நீலச் சட்டைதான், ஊரில் பாதிப் பேருக்கும் நீலச் சட்டை.

"இந்தக் குழந்தை உங்களுடையதா?"

"முடி வெச்ச புள்ளைன்றேன், காதுல விழல?" மறுபடியும் 'இல்லை'.

மறுபடியும் அவன். இப்போது முகம் மட்டும். கண்ணாடி நிறைய. விரல் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் மோவாய் தெரிந்தது.

தழும்பு.

விரல் நிற்கவில்லை.

"நன்றி. உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது."

கண்ணாடியைக் குத்தினாள், 'ஆம்' இருந்த இடத்தைப் பிறாண்டினாள். அந்த இடத்தில் இப்போது 'ஆம்' இல்லை. மஞ்சள் வட்டமாக ஒரு சிரித்த முகமும் ஒரு அழுத முகமும் வந்திருந்தன. 'எங்கள் சேவை பிடித்திருந்ததா?'

அப்போது ஒரு சின்னக் கை அவள் கைக்குள் நுழைந்தது.

"அம்மா."

சுருட்டை முடி. நீலச் சட்டை. அவள் அப்படியே முட்டி போட்டு, வாரி அணைத்து, உச்சியில் முகம் புதைத்து, "எங்கடா போன, எங் கண்ணு" என்று கதறினாள். மூச்சு இழுத்தாள். பிள்ளையின் எண்ணெய் வாசனை வரவில்லை. மண்டபத்து வாடை. ஊர்ப்பட்ட தலைகளின் ஈர மயிர்.

மெதுவாக விலக்கிப் பார்த்தாள். மோவாய் வழவழவென்று இருந்தது.

கண்ணாடிக்குள் மொட்டை அபி இரண்டு கைகளாலும் அறைந்துகொண்டிருந்தான். வாய் அம்மா அம்மா என்று திறந்து மூடியது. சத்தம் இல்லை.

"அக்கா, நவுருங்க. லாரி வந்துட்ச்சி." ஸ்ரீதர் குடையோடு வந்து பிளக்கில் கை வைத்தான்.

"வேணாம்பா! உள்ள எம் புள்ள கீறான்! உன் கால்ல உழறேன்!"

அவன் கண்ணாடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "புள்ள உங்க கையிலயே கீறானே, அக்கா." பிடுங்கினான்.

கண்ணாடி கருத்தது. செருப்புகளோடு வந்த முருகவேல் அவள் கையிலிருந்ததைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நைனா, பயந்துட்டியா?" என்று கொஞ்சினான். அது அவன் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்துச் சிரித்தது.

நாலு பேர் மெஷினைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். ஓடினாள். முருகவேல் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "இன்னாடி ஆச்சி உனக்கு? அடுத்தது எந்த ஊருக்கோ போவுது, அது பின்னால ஓடுறே!" லாரி சித்தூர் ரோட்டில் திரும்பியது. மின்சாரம் இல்லாத கருப்புக் கண்ணாடியில், உள்பக்கம், சந்தனத்தில் ஒரு சின்ன உள்ளங்கை பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. கட்டாத படுதா காற்றில் தூக்கித் தூக்கி அதைக் காட்டியது. உள்ளங்கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தன.

"அம்மா," என்றது தோளில் இருந்தது, "கல்யாணத்துக்குப் போலாம் வா."