கஞ்சியால் கெட்ட பகை

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குமிழிக் குடியிருப்பில் ஒருவர் வெளியே போவதென்றால் முதலில் தன் எதிரியைக் கூப்பிட வேண்டும். காற்றுடையை எதிரி சோதித்து முத்திரைச் சீட்டு ஒட்டினால்தான் கதவு திறக்கும்.

'ஸ்வார்ன் எனிமி' என்பார்கள் ஆங்கிலத்தில். ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சத்தியம் செய்துகொண்ட பகைவர்கள். பூமியில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதோடு சரி. இங்கே அது அரசாங்கப் பதவி. முதல் வருடம் வெளியே போய்ச் செத்த பத்தொன்பது பேரின் உடைகளையும் சோதித்தவர்கள் அவர்களுடைய உயிர் நண்பர்கள். "சரியாத்தான் இருக்கும், போ" என்று முதுகில் தட்டி அனுப்பியிருந்தார்கள். அதன் பிறகுதான் இந்தச் சட்டம் வந்தது. குறை பிடிக்க எதிரியின் கண்ணுக்கு இணையான கருவியை இன்னும் யாரும் செய்தபாடில்லை.

தாமரைச்செல்விக்கு ஏழு வருடமாக எபினேசர்தான் எதிரி; அவனுக்கு அவள். அவள் உடையில் இதுவரை நாற்பத்தொரு பழுது கண்டுபிடித்திருக்கிறான். ஒவ்வொன்றையும் குமிழிக்கே கேட்கும்படி சொல்லிக்காட்டுவான்.

அன்று இரண்டு காற்று வடிகட்டிகளும் அடைத்துக்கொண்டன. புழுதிப்புயல் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. முதல் வடிகட்டி அவள் பொறுப்பு. எபினேசர் வந்தான், உடையை மேலோட்டமாகப் பார்த்தான், சீட்டை எடுத்தான்.

"எல்லாம் சரியா இருக்கு. பத்திரமா போயிட்டு வா."

சீட்டை ஒட்டப்போன அவன் கையை அவள் தடுத்தாள்.

"கழுத்து வளையத்தைப் பார்க்கவே இல்லையே?"

"அது சரியாத்தான் இருக்கும், செல்வி."

செல்வியாம்! தப்பு அவளுடையதுதான். போன வாரம், பூமியில் அவன் அம்மா இறந்துபோன செய்தி வந்தது. மனசு கேட்காமல், தன் இரண்டு நாள் தண்ணீர்ப் பங்கில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். இப்போது அந்தக் கஞ்சி அவள் உயிருக்கே உலை வைக்கிறது.

"அன்னைக்கு நான் இரக்கப்பட்டு வந்தேன்னா நெனச்சே? நீ அழுறதைப் பார்க்கத்தான் வந்தேன்."

சொன்ன வாய் அவளுக்கே கசந்தது. அவன் முகம் இருண்டது. உடையை வெடுக்கென்று பிடுங்கி, தையல் தையலாகக் குடைந்தான். கழுத்து வளையத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல்.

"செத்திருப்படி!" என்று கத்தினான்.

வளையத்தை மாற்றிக்கொண்டு போனாள். வடிகட்டியைச் சுத்தம் செய்துவிட்டு உயிரோடு திரும்பினாள். உள்கதவருகே எபினேசர் தன் உடையோடு நின்றிருந்தான். இரண்டாவது வடிகட்டி அவன் முறை. புயலுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

அவனைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். சீட்டை ஒட்டினாள்.

"சரியாத்தான் இருக்கும். சீக்கிரம் வந்துடு."

எபினேசர் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அந்தக் கஞ்சி வாயில வைக்க வெளங்கல. அப்படியே கொட்டிட்டேன்."

"என்னது?"

இரண்டு நாள் தண்ணீர்! தாமரைச்செல்வி சீட்டைக் கிழித்தெறிந்தாள். உடையை அவன் கையிலிருந்து பறித்து, கழுத்து வளையத்திலிருந்து மறுபடியும் சோதிக்க ஆரம்பித்தாள்.