தகுதி உள்ளவர்

காலையில் வண்டி எடுக்கிற எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தேன். அதற்குள் இருக்கும் வியர்வை உணரி என் உள்ளங்கையைச் சோதித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. "கஞ்சா எச்சம் உள்ளது. ஓட்டத் தகுதியில்லை" என்றது வண்டி.

நாசமாய்ப் போக! என் புற்றுநோய் வலிக்கு ஆஸ்பத்திரியிலேயே கொடுத்த கஞ்சா எண்ணெய் அது. நிறுத்திப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. மயக்கமெல்லாம் எப்போதோ தெளிந்துவிட்டது. ஆனால் அந்தச் சனியன் உடம்புக் கொழுப்பில் தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். எச்சம் வேறு, போதை வேறு என்று விஞ்ஞானிகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். யார் கேட்டார்கள்? சட்டம் போட்டவர்களுக்கு ஓர் எண் கிடைத்தால் போதும்.

பின்சீட்டில் என் மகள் ஜெர்லின் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். ஆஸ்துமா. உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது.

"தள்ளு செலஸ்டினா, நான் ஓட்டுதேன்" என்றார் என் வீட்டுக்காரர் இருதயராஜ்.

உடம்பு முடியாதவள் என்று என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு, இரண்டு ராத்திரியாகப் பிள்ளையை மார்போடு நிமிர்த்திப் பிடித்து உட்கார்ந்திருந்த மனிதர். ஒரு பொட்டுத் தூக்கமில்லை. அவர் கை வைத்ததும் பச்சை எரிந்தது.

"பச்சை வந்துட்டுல்லா, ஏறு!"

ஏறிவிட்டேன். இப்போதெல்லாம் யாரும் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. "தூங்கினீங்களா?" என்று கேட்கிற வழக்கமே எங்கள் அப்பா தலைமுறையோடு போய்விட்டது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"அம்மா, ஜன்னலைத் தொறங்க" என்றாள் ஜெர்லின். திறந்துவிட்டேன். உப்பளங்களுக்கு நடுவே நேரான சாலை. சில்லென்ற காற்று. அவர் தலை தொங்கியது. "என்னங்க!" என்று நான் அலறுவதற்குள், ஓரமாக நின்ற உப்பு லாரியின் பின்னால் வண்டி போய் மோதியது.

ஜெர்லின் அங்கேயே இறந்துபோனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு விசாரணை அதிகாரி வந்தார்.

"ஓட்டுனவரு முழுத் தகுதியோடதாம்மா இருந்திருக்காரு. அவர் மேல கேஸ் இல்ல. நல்லவேளை, நீங்க ஓட்டல."

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நான் ஓட்டியிருந்தா எம்பிள்ள உயிரோட இருந்திருப்பா சார்!"

அதிகாரியிடம்தான் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் கிடந்த இருதயராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.