நாற்பத்தோராம் தட்டில் நாச்சிமுத்துவின் முழங்கால்

காபிக்கு முன்னால் தன் முழங்காலைப் பார்த்துவிடுவது நாச்சிமுத்துவின் வழக்கம். முழங்கால் வீட்டில் இல்லை. அது கோயம்புத்தூர் திசுப் பண்ணையில், நாற்பத்தோராம் தட்டில், இளஞ்சிவப்புக் குழம்பில் ஊறிக்கொண்டிருந்தது. சுவர்த்திரையைத் தட்டினால் தெரியும்: நுங்குச் சுளை போல ஒரு வெள்ளைக் குருத்தெலும்புத் துண்டு. சிறிய உலோகக் கட்டை ஒன்று அதை அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும்.

2091-இல் முழங்கால் தேய்ந்தவர்கள் எல்லாரும் செய்வதுதான் இது. அவர் உடம்பிலிருந்து மிளகளவு கிள்ளி எடுத்து வளர்த்திருந்தார்கள். ஆனால் சும்மா வளரும் குருத்தெலும்புக்கு உறுதி வராது. அதற்கு நடை பழக வேண்டும். அதற்காகக் கணுக்காலில் ஒரு நடைப்பட்டை. உடையவர் இங்கே வைக்கும் ஒவ்வோர் அடியும் தாளம் மாறாமல் அங்கே தட்டில் விழும். அழுத்தம் விழுகிற இடம் கெட்டிப்படும். நாற்பது நாள், தினம் ஆறாயிரம் அடி.

நாச்சிமுத்துவுக்கு அவசரம் இருந்தது. அறுபத்தைந்து வயதானவர்களுக்கு வெள்ளியங்கிரி மலையேற அனுமதிச்சீட்டு கிடையாது என்று ஆகிவிட்டிருந்தது. அவருக்கு வருகிற வைகாசியில் அறுபத்தைந்து. அங்கே ஏற வேண்டிய ஏழு மலையில், நாலு தடவை முயன்று நாலு தடவையும் மூன்றாம் மலையோடு உட்கார்ந்துவிட்டவர்.

முதல் நாள் எழுபது அடி நடந்தார். வலித்தது. சோபாவில் சாய்ந்து பட்டையைக் கழற்றினார்.

"ஏ துளசி, நீ எப்படியும் வூட்டுக்குள்ள அங்கயும் இங்கயும் நடந்துட்டேதான இருக்கற. இதையும் கட்டிக்க."

அவர் மனைவி துளசிமணி அதைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சமைக்கிற எந்திரம் வீட்டுக்கு வீடு இருந்த காலம்தான். ஆனால் எந்திரம் அரைத்த சட்னி நாச்சிமுத்துவுக்கு இறங்காது.

நாற்பதாம் நாள் பண்ணையின் சரிபார்ப்பி அழைத்தது. முகம் கிடையாது, சுவரில் ஒரு பச்சை வட்டம், தெளிந்த தமிழ்.

"திசு அருமையாக விளைந்துள்ளது. ஆனால் இது உங்கள் நடை அன்று. ஒன்பது அடி, ஒரு நிற்பு, திரும்பவும் ஒன்பது அடி. அடுப்பின் முன் நீண்ட நிற்பு. பட்டையை அணிந்தவர் யார்?"

ஒப்புக்கொண்டார். வேறு வழி? வேறொருவர் நடைக்குப் பழகிய திசு அவர் காலில் ஒரு மாதம்கூடத் தாங்காது என்றது சரிபார்ப்பி. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் இல்லாததால் வேற்று உடம்பு அதனோடு பெரிதாகச் சண்டை பிடிக்காது, நடந்தவருக்கே பொருத்திவிடலாம் என்றும் சொன்னது.

"அவளுக்கு எதுக்குங்க? அவ காலு நல்லாத்தான் இருக்குது."

ஸ்கேன் எடுத்தார்கள். துளசிமணியின் முழங்கால் அவருடையதைவிடத் தேய்ந்திருந்தது.

"ஏம்புள்ள, ஒரு வார்த்த சொல்லவே இல்ல?"

"சொன்னனுங்க. ஒவ்வொருக்காவும் 'எனக்குந்தான் வலிக்குது'ன்னுட்டு செய்தியச் சத்தமா வெச்சுக்குவீங்க."

நாச்சிமுத்து இளகிய மனசுக்காரர்தான். இளகுவதற்கு ஸ்கேன் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

துளசிமணிக்கு அறுவை முடிந்தது. நாற்பது நாள் அந்தக் காலை ஊன்றக்கூடாது. நாச்சிமுத்துவிடம் மறுபடி மிளகளவு கிள்ளினார்கள். பட்டை இந்த முறை அவர் கணுக்காலிலேயே இருந்தது. கழற்றிக் கொடுக்க ஆளில்லை. தண்ணீர், மாத்திரை, கஞ்சி, போர்வை என்று அடுப்படிக்கும் சோபாவுக்குமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார். சட்னிகூட அரைத்தார். முதல் வாரம் அது எந்திரத்தினுடையதைவிட மோசமாக இருந்தது.

"ஏனுங், டீல சக்கர பத்தல."

"இதோட மூணு தடவ எந்திரிச்சாச்சு. எல்லாத்தையும் ஒரே தடவையாச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"நான் என்னிக்காச்சும் உங்கள அப்படிக் கேட்டிருக்கறனா?"

அவர் சர்க்கரை எடுக்கப் போனார். தினம் ஏழாயிரம் அடி விழுந்தது. மலையை நினைத்து நினைத்து வலியைக்கூட மறந்தார்.

நாற்பதாம் நாள் பச்சை வட்டம் வந்தது.

"திசு அருமையாக விளைந்துள்ளது. ஆனால் ஒன்பது அடி, ஒரு நிற்பு, அடுப்பின் முன் நீண்ட நிற்பு. மீண்டும் அதே மோசடி."

"நாந்தாங்க நடந்தேன். சாமி சத்தியமா."

"ஆண்கள் பெயரில் வந்த பட்டைகளில் இந்தத் தாளத்தை இதுவரை நாலாயிரத்து முந்நூறு முறை கண்டிருக்கிறேன். அத்தனையிலும் அணிந்திருந்தவர் மனைவி. விதிவிலக்கு இல்லை."

"வேணும்னா நடந்து காட்டறனுங்க."

"கேட்டால் எல்லாரும் நடந்து காட்டுகிறார்கள்."

துளசிமணி ஊன்றுகோலோடு திரை முன்னால் வந்து நின்றார். "அவருதானுங்க நடந்தாரு. நான் நாப்பது நாளா சோபாவ விட்டு எந்திரிக்கவே இல்லீங்க."

வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. "மனைவிமார் இப்படிச் சாட்சி சொன்னது என் தரவில் நிறைய உண்டு. ஓய்வெடுக்கச் சொல்லப்பட்ட மனைவி ஓய்வெடுத்ததாகத்தான் ஒன்றுமில்லை. விண்ணப்பம் தள்ளுபடி. இனி ஓராண்டு கழித்து வாருங்கள்."

வைகாசிக்கு நாலு மாதம்தான் இருந்தது.

"இன்னொன்று," என்றது சரிபார்ப்பி, சற்றுக் கடுமையாகவே. "அந்த அம்மாவை இனியாவது கொஞ்சம் உட்கார விடுங்கள்."